காட்டாத கணக்கு

மதுரையில் நான் படித்தபோது, மாணவர் மன்றத்தில் அழகர்கோவில் சுற்றுலாவுக்குத் தலைக்கு ஐம்பது ரூபாய் வசூலித்தோம். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பொருளாளர் கடைசிவரை காட்டவே இல்லை. உடனே அவன் பெயரை அடிக்கச் சொன்னார்கள் சிலர். ஆசிரியர் விடவில்லை. “முதலில் எழுத்தில் கேளுங்கப்பா, அவன் பக்கத்தையும் கேளுங்க” என்றார். ஒரு வாரம் காத்திருந்தோம். பதில் இல்லை. பிறகுதான் பொதுக்குழு அவனை நீக்கியது.

கணக்குக் காட்டாதவரை ஒதுக்கும் விதி பழையது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஊர் வேலைகளைக் கவனித்த வாரியம் என்ற குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை, குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் எழுதக்கூடாது என்கிறது அது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை! உறவினரையும் ஒதுக்கியது அதிகம் என்றே எனக்குப் படுகிறது. எங்கள் பொருளாளரின் தம்பி அடுத்த ஆண்டு மன்றத்தில் சேர்ந்தான். சந்தாப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.