கந்தோர் வந்த வழி

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களில் ஒருவரை "எங்கே பயணம்?" என வினவினால், "கந்தோருக்கு" என விடை வருதல் உண்டு. தபாற் கந்தோர், கல்விக் கந்தோர் என ஈழத்தமிழர் நாவிற் பயிலும் இச்சொல், தமிழகத்தார் செவிக்குப் புதிது.

இச்சொல்லின் தாயகம் ஒல்லாந்து. அலுவலகத்தைக் குறிக்கும் 'கான்தோர்' என்னும் ஒல்லாந்தச் சொல்லே தமிழிற் கந்தோராயிற்று. சிங்களத்திற் 'கன்தோருவ' ஆயிற்று. ஒல்லாந்தர் ஆண்ட இந்தோனேசியாவிலும் அலுவலகத்தின் பெயர் 'கன்தோர்' என்பதே.

ஒல்லாந்தர்க்கும் அஃது இரவற் சொல்லே. பிரெஞ்சு மொழியில் அது காசு எண்ணும் மேசையைக் குறித்தது. பின்னர் மேசை இருந்த அறைக்கும், அறை இருந்த வணிக மனைக்கும் அப்பெயர் ஆகிவந்தது. இவற்றுக்கெல்லாம் மூலம், கணக்கிடுதல் எனப் பொருள்படும் 'கொம்புத்தாரே' என்னும் இலத்தீன் வினை.

போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றியது 1639இல். இடையிடையே அது கைமாறிற்று. 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அங்கே ஒல்லாந்தின் பெயரால் ஆண்டது முடிமன்னன் அல்லன். கிழக்கிந்தியக் கம்பனி என்னும் வணிகர் கூட்டம். கறுவாவையும் மிளகையும் நிறுத்து விலை குறித்தவர்களே வரி தண்டினர், வழக்கும் தீர்த்தனர். கடைக்கும் அரசுக்கும் ஒரே மேசை! ஆகவே, கணக்கறையின் பெயர் அரசாங்க அலுவலகத்தின் பெயராய் நிலைத்ததில் வியப்பில்லை.

ஆங்கிலேயர் அதே இலத்தீன் வேரிலிருந்து வேறொரு சொல்லைக் கொண்டுவந்தனர். பயணச்சீட்டு வாங்கும் 'கவுண்டர்' அதுவே. மூலம் ஒன்றாயினும், ஒல்லாந்தர் வழி வந்தது தகரம் பெற்றது. ஆங்கிலேயர் வழி வந்தது டகரம் பெற்றது. வந்த கப்பல் எது என்பதை ஓர் எழுத்தே காட்டிவிடுகிறது. இன்று மேசைதோறும் வீற்றிருக்கும் 'கொம்பியூட்டர்' அக்குடும்பத்தின் இளையவர்.

பெயர்ப்பலகைகளில் இன்று அலுவலகம், செயலகம் என்னும் நல்ல தமிழ்ச் சொற்கள் இடம்பெற்றுள்ளன. அவை வளர்தல் முறையே. ஆயினும், கந்தோரை அந்நியச் சொல் எனத் தூற்றி மறத்தல் தகாது. வணிகர் ஆண்ட காலத்தைச் சாசனமும் ஏடும் அறியாத எளிய மக்கள் தம் நாவிற் பொறித்துவைத்த சான்று அது. கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இறங்கி இரு நூற்றாண்டுகள் கடந்தன. அவர்தம் கணக்கு மேசையின் பெயர் மட்டும் இன்னும் இறங்கவில்லை.