வினா எழவில்லை



சட்டமன்றத்தில் உறுப்பினர் கேட்கிறார், அமைச்சர் பதில் சொல்கிறார். இதில் ஒரு மாலை முழுக்கப் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். வேறு ஊராக இருந்தால் அவர் சொல்வது சரிதான். 1952 மே 13ஆம் நாள் மாநிலங்களவை முதன்முறையாகக் கூடியபோது தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் இந்தத் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். பத்தாண்டுகள் அந்த நாற்காலி அவருடையது. எந்தக் கேள்வியை அனுமதிப்பது, எத்தனை துணைக் கேள்விக்கு இடம் கொடுப்பது, மழுப்பும் அமைச்சரை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் அவர் தீர்ப்பில் இருந்தன. அந்தப் பத்தாண்டுக்குள் அவர் பிறந்த ஊரோ இரண்டு முறை மாநிலம் மாறிவிட்டது. 1953 அக்டோபர் 1இல் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போனது. 1960 ஏப்ரல் 1இல் திரும்பி வந்தது.

வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்திய ம.பொ.சி.யைப் பற்றியும் மங்கலங்கிழாரைப் பற்றியும் இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். அந்தப் போராட்டத்தின் ஓரத்தில் கிடக்கும் ஒரு சின்ன எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லை மாற்றச் சட்டம் 1959இல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தபோது ஆந்திர சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சென்னை மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்டார். சென்னைப் பேரவையின் உறுப்பினர் எண்ணிக்கை 205இலிருந்து 206 ஆனது. போராட்ட வரலாறு எழுதுபவர்கள் இந்த எண்ணில் நின்று பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நிலவரிப் பதிவேடு மாறியது, போலீஸ் நிலையத்தின் பலகை மாறியது. அவற்றோடு இந்த ஊரின் குறைக்கு எந்த அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்பதும் மாறியது. மார்ச் 31 வரை ஐதராபாத்தில் இருந்த பொறுப்பு மறுநாள் சென்னைக்கு வந்தது.

கேள்வி கேட்கும் உரிமை நமக்கு எளிதில் கிடைத்ததல்ல. பிரிட்டனில் அமைச்சரைக் கேட்ட முதல் கேள்வி என்று பதிவாகியிருப்பது 1721ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தென்கடல் கம்பெனியின் காசாளர் நாட்டைவிட்டு ஓடிப்போய்ப் பிடிபட்ட செய்தி உண்மையா என்று கௌப்பர் பிரபு மேலவையில் கேட்டார். இந்தியாவில் சட்டசபைக்காரர்கள் வாய் திறந்து கேள்வி கேட்க 1892ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1893 பிப்ரவரி 16இல் வைஸ்ராயின் சபையில் பிங்கா அரசர் கேட்ட கேள்வியை முதல் கேள்வியாகச் சொல்கிறார்கள். அது என்ன கேள்வி தெரியுமா? அதிகாரிகள் சுற்றுப்பயணம் போகும்போது முகாமுக்குச் சாமான் கொடுக்க வேண்டியிருக்கிற கடைக்காரர்கள் படும் பாட்டைப் பற்றியது. ஒரு ராஜா, சாம்ராஜ்யத்தின் தலைமைச் சபையில், அரிசி பருப்புக் கணக்கைக் கேட்டார். நல்ல தொடக்கம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் வெள்ளைக்காரன் ஒன்றில் உஷாராக இருந்தான். கேட்கலாம், விவாதிக்கக் கூடாது. பதில் வந்த பிறகு அதன்மேல் இன்னொரு கேள்வியும் கூடாது. 1909 சீர்திருத்தத்தில்தான், அதுவும் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும், துணைக் கேள்வி கேட்க அனுமதி கிடைத்தது. 1919க்குப் பிறகு மற்ற உறுப்பினர்களுக்கும் அது விரிந்தது. ஏன் இந்தப் பயம்? முதல் கேள்வி முன்கூட்டியே எழுத்தில் போய்விடுகிறது. அதற்கான விடையைத் துறை எழுதித் தருகிறது, அமைச்சர் வாசிக்கிறார். இரண்டாவது கேள்வி அந்த விடைக்குள்ளிருந்து பிறப்பது. அதற்கு அமைச்சர் தம் துறையைத் தாமே அறிந்திருக்க வேண்டும். அதிகாரிகள் அமர்ந்திருக்கும் பகுதியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்து சேர்வதற்குள் அவர் எதையாவது சொல்லியாக வேண்டும்.

இப்போது மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. நட்சத்திரம் இருந்தால் வாய்மொழி விடையும் துணைக் கேள்வியும் உண்டு. இல்லாவிட்டால் எழுத்தில் விடை, அதோடு சரி. யாருடைய கேள்வி மேலே வருவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. கேள்வி 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது, கிண்டல் கூடாது, அமைச்சரின் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. பதினைந்து நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும்.

கேள்வி கொடுப்பதற்கும் விடை வருவதற்கும் இடைப்பட்ட அந்த நாட்கள்தான் என் பேச்சின் மையம். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது கடைசி ஐந்து நிமிடம். அதற்கு முன், சட்டமன்றக் கேள்வியானால், அது தலைமைச் செயலகத்திலிருந்து துறைத் தலைமைக்கும், அங்கிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கும், அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இறங்கி வருகிறது. மனு காத்திருக்கும், நினைவூட்டுக் கடிதம் காத்திருக்கும். ‘சட்டமன்ற வினா, மிக அவசரம்’ என்ற தாள் மட்டும் காத்திருக்காது. மூன்று வருடமாகத் திறக்காத பீரோவைத் திறக்க வைக்கும். யாரோ ஒரு உதவியாளர் தேதியைத் தேடி எடுத்து எழுத வேண்டும், யாரோ ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவையில் அந்தக் கேள்விக்கு முறையே வராமல் போனாலும் இந்த வேலை நடந்து முடிந்திருக்கும். அரசு ஒன்றை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கும். அதை அழிக்க முடியாது.

இதை உணராமல் கேட்பதால்தான் நம் ஊர்க் கேள்விகள் பாதிக்கு மேல் வீணாகின்றன. ‘திருத்தணி அரசு மருத்துவமனைக்குக் கூடுதல் மருத்துவர்களை நியமிக்க அரசு ஆவன செய்யுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்ற விடை, கேள்வியை எழுதும்போதே பக்கத்தில் தயாராக நிற்கும். ஆவன செய்யுமா என்று கெஞ்சினால் பரிசீலிக்கிறோம் என்றுதான் ஆறுதல் வரும். அதே உறுப்பினர், அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடம் எத்தனை, இன்றைய தேதியில் நிரம்பியவை எத்தனை, காலியானவை ஒவ்வொன்றும் எந்தத் தேதியிலிருந்து காலி என்று கேட்டால்? அங்கே ஆறுதலுக்கு இடமே இல்லை. எண்ணைத்தான் எழுத வேண்டும்.

இன்னொரு தப்பும் உண்டு. வினாவை (அ), (ஆ), (இ) என்று பிரித்துக் கேட்பது வழக்கம். ‘(அ) இப்படி ஒரு திட்டம் அரசிடம் உள்ளதா? (ஆ) ஆம் எனில் எப்போது நிறைவேற்றப்படும்?’ விடை: ‘(அ) இல்லை. (ஆ) வினா எழவில்லை.’ மூன்று சொல்லில் முடிந்தது. பலர் இந்த விடையைக் கேட்டுச் சோர்ந்துவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தேர்தல் மேடையில் திட்டம் தயார் என்று முழங்கியிருந்தால், இந்த ‘இல்லை’ விலைமதிப்புள்ள காகிதம். அப்படி ஒரு கோப்பே கிடையாது என்று அரசே கையெழுத்திட்டுத் தந்திருக்கிறது. அதை வாங்கி மடித்து வைத்துக்கொள்ளாமல் கோபித்துக்கொண்டு போவானேன்?

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம்மவர் ஒருவரே உதாரணம். ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956இல் தோன்றியது. மறு ஆண்டு ஜூனில் அது ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. விஷயம் மக்களவைக்கு முதலில் கேள்வி வடிவத்தில்தான் வந்தது. விடைகள் கேட்டவர்களைச் சமாதானப்படுத்தவில்லை. துணைக் கேள்விகள் தொடர்ந்தன. 1957 டிசம்பர் 16இல் பெரோஸ் காந்தி எழுந்து விவரங்களை அடுக்கினார். அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை பகிரங்கமாக நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். திறமையில் குறை சொல்ல முடியாத சென்னைக்காரர். ஆளுங்கட்சி உறுப்பினர் தம் அமைச்சரைக் குடைவது கட்சித் துரோகம் என்று இன்று எண்ணுகிறவர்கள், இந்த வழக்கை ஒருமுறை படிக்கலாம்.

கேள்வியை விற்றவர்களும் உண்டு. 1951இல் எச்.ஜி. முத்கல் மீது அந்தப் புகார் நிரூபணமானது; 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் சரக்குக்கு மதிப்பு இருக்கிறது என்றும் பொருள். அரசுகளுக்கும் அந்த மதிப்பு தெரியும். 1962 சீனப் போரின்போது கேள்வி நேரம் நின்றது. 2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி மறுபடியும் நிறுத்தினார்கள். எழுத்து விடை மட்டும் வந்தது. சட்டங்கள் நிறைவேற அந்தத் தொற்று தடையாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுப் பேரவையின் கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையாக வருகிறது. வரவேற்க வேண்டியது. ஆனால் தலைவரைப் புகழ்ந்து நாலு வரி, தொகுதி மக்களுக்கு வணக்கம் ஒரு வரி, அதற்குப் பின் மீதி மூச்சில் கேள்வி என்ற பழக்கம் கேமராவால் குறைந்ததாகத் தெரியவில்லை. கட்சி வேறுபாடு இல்லாத நோய் இது.

‘பரிசீலிக்கிறேன்’, ‘விவரம் சேகரித்து அவையில் வைக்கப்படும்’ என்று அமைச்சர் சொன்ன பிறகு என்ன ஆகிறது? மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழியாகும் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். நம் பேரவைக்கும் அந்தப் பெயரில் குழு உண்டு. மாவட்டம் மாவட்டமாக வந்து ஆய்வு செய்கிறது. அந்தக் குழு திருவள்ளூருக்கு வரும் நாளில், பழைய விடையின் நகலோடு அங்கே போய் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்? மாலை மரியாதை செய்யப் போனவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கடைசியாக, எல்லையோர ஊருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். மலைக்கோயில் என்றால் அறநிலையத் துறை, சென்னையில் கேட்கலாம். பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை விசைத்தறிக்காரர்களின் கூலி சென்னையில், நூலுக்கு ஜி.எஸ்.டி. என்றால் டெல்லியில். ரயிலும் திருப்பதி நெடுஞ்சாலையும் டெல்லிதான். அதற்கு அரக்கோணம் மக்களவை உறுப்பினரைப் பிடிக்க வேண்டும். கொசஸ்தலை ஆறு எந்த அவைக்குச் சேரும்? ஆந்திரத்துக் கார்வேட்டி நகரம் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் முழுகுகின்றன. அதே ஆற்றில் ஆந்திரம் இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டத் திட்டமிட்டபோது, 2022இல் நம் முதலமைச்சர் அந்த மாநில முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். வெள்ளம் என்றாலும் வறட்சி என்றாலும் மதகு அந்தப் பக்கம். ஆந்திர அமைச்சர் சென்னைப் பேரவைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. 206ஆவது இடத்தைப் பெற்ற நாளில் நாம் விட்டுக்கொடுத்தது இந்த ஒரு பிடியைத்தான்.

அதற்கும் வழி இருக்கிறது. இந்த அரங்கில், ஆந்திரப் பக்கத்து நகரியிலும் புத்தூரிலும் சம்பந்தி வைத்திருக்காதவர்கள் குறைவு. கிருஷ்ணாபுரம் அணையின் மதகு கடைசி மூன்று வெள்ளத்தின்போதும் எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது, திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்துக்கு எத்தனை மணிக்குச் சொல்லப்பட்டது என்று சித்தூர் மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் அமராவதியில் கேட்கட்டும். அந்தச் செய்தி எத்தனை மணிக்கு வந்தது, பள்ளிப்பட்டுக் கரையோர ஊர்களுக்கு எத்தனை மணிக்குத் தண்டோரா போட்டார்கள் என்று நம் உறுப்பினர் சென்னையில் கேட்கட்டும். இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தால், எந்த அலுவலகத்தில் எத்தனை மணி நேரம் செய்தி தூங்கியது என்பது தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்தொடருக்கான துணைக் கேள்வி அங்கிருந்து தொடங்கலாம்.