மடிக்கணினியின் முதுகு



சென்ற கோடையில் தில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருந்தேன். போபாலைத் தாண்டிய வண்டி நாகபுரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. காலைக் காப்பி முடிந்த வேளை. எதிர் இருக்கையிலிருந்த இளைஞர் ஒருவர் தமது மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையில் ஆழ்ந்துவிட்டார். திரை அவர் பக்கம் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் முதுகுதான்.

அந்த முதுகில் விரல் வைக்கவும் இடமில்லை. எங்கு பார்த்தாலும் ஸ்டிக்கர்கள். ஒரு பென்குவின், பூனைத் தலையும் கடல்வாழ் பிராணியின் கால்களும் கொண்ட ஒரு விசித்திர ஜந்து, தேன்கூட்டின் கண்ணறைகளைப் போல ஒன்றோடொன்று பொருந்திய நாலைந்து அறுகோண வில்லைகள், ஒரு டபராவும் டம்ளரும். இவற்றுக்கு நடுவே, கட்டைவிரல் அகலத்தில், 'ழ' என்ற ஓர் எழுத்து.

முதல் நாள் இரவு விளக்கை அணைப்பது பற்றியும் நடுப் படுக்கையை இறக்குவது பற்றியும் நாங்கள் இருவரும் இந்தியில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவர் என்னை எந்த ஊர்க்காரர் என்று எண்ணினாரோ, நான் அவரை எந்த ஊர்க்காரர் என்று எண்ணினேனோ! அந்த எழுத்தைக் கண்டதும், "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "விருதுநகர் பக்கம், சார்" என்றார். அதன்பின் நாகபுரி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு இந்த அநுபவம் புதிதன்று.

இப்படி மடிக்கணினியின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கத்தை நான் வெகுநாள்வரை சின்னப்பிள்ளைத்தனம் என்றே கருதி வந்தேன். விலை உயர்ந்த பண்டம் ஒன்றைப் பள்ளிச் சிறுவனின் நோட்டுப் புத்தகம் போல ஆக்குவானேன் என்பது என் எண்ணம். அந்த இளைஞர் ஒவ்வொரு வில்லையாகத் தொட்டுக் காட்டி விளக்கியபோதுதான் அதற்குள்ளும் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது.

பென்குவின் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் சின்னம். 1996ஆம் ஆண்டில் லாரி யூயிங் என்பவர் வரைந்தது. பூனை ஜந்து, நிரல் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் என்ற தளத்துக்கு உரியது. அறுகோண வில்லைகள் ஒவ்வொன்றும் ஒரு மென்பொருள் கருவியைக் குறிப்பவை. அவற்றுக்கு அளவுகூட வகுத்திருக்கிறார்கள்: உயரம் 2 அங்குலம், அகலம் சுமார் 1.73 அங்குலம். யார் எந்த நாட்டில் அச்சிட்டாலும் ஒன்றின் ஓரம் மற்றொன்றின் ஓரத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஒருவரையொருவர் அறியாதவர்கள் செய்த வில்லைகள் ஒரே பலகையில் உறவாடுகின்றன.

இவை பெரும்பாலும் கடையில் வாங்கியவை அல்ல. மென்பொருளாளர்களின் மாநாடுகளில் மேசைமீது குவித்து வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பைத்தான் என்ற நிரல்மொழிக்கு நம் நாட்டில் முதல் மாநாடு 2009இல் பெங்களூரில் கூடியது. அன்று முதல் பல நகரங்களிலும் அத்தகைய மாநாடுகள் நடந்து வருகின்றன. அங்கே எழுதப்படாத சட்டம் ஒன்றும் உண்டாம். தான் கற்காத கருவியின் வில்லையை ஒட்டிக்கொள்ளலாகாது. ஒட்டியவரிடம் யாரேனும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் மானம் போய்விடும் என்றார் அந்த இளைஞர்.

இதைக் கேட்டதும் பழைய நாளைய பிரயாணப் பெட்டிகள் என் நினைவுக்கு வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி ஐம்பது அறுபது ஆண்டுக் காலம், பெரிய ஹோட்டல்கள் தங்கள் பெயர் பொறித்த வண்ண லேபிள்களை விருந்தினரின் தோல் பெட்டிகளில் ஒட்டி அனுப்பின. பம்பாய்த் தாஜ்மகாலுக்கும் சிங்கப்பூர் ராஃபிள்ஸுக்கும் அப்படிப்பட்ட லேபிள்கள் இருந்தன. ஹோட்டலுக்கு அது செலவில்லாத விளம்பரம். பிரயாணிக்கு அது ஊர் ஊராகச் சுற்றியதற்குச் சான்று. போகாத ஊரின் லேபிளை ஒட்டிக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். மனித சுபாவம் அன்றோ!

நம் குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் லேபிள் ஏது? வெள்ளைப் பெயிண்டில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். என் தகப்பனார் வடக்கே வேலைக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டியில் அவர் பெயருக்குக் கீழே ஊரின் பெயர் மட்டும் மும்முறை அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. கடைசியாக எழுதிய ஊரில் அவர் நிலையாகத் தங்கிவிட்டார். பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

அந்தக் காலத்து லேபிள்களுக்குப் பசை தடவவேண்டும், அல்லது தபால்தலையைப் போல ஈரப்படுத்தவேண்டும். தாளை உரித்து அப்படியே ஒட்டும் லேபிளை 1935இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் உருவாக்கினார். கடைக்காரர்கள் விலை ஒட்டுவதற்காகப் பிறந்த பொருள் அது. இன்று அதைப் பலவகையிலும் பயன்படுத்துகிறோம். மடிக்கணினியிலும் முதலில் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் விற்றவர்கள்தாம். இன்டெல் நிறுவனம் 1991இல் தொடங்கிய விளம்பர இயக்கத்தின் பயனாக, உள்ளே இருப்பது எங்கள் சில்லு என்று அறிவிக்கும் வில்லை உலகமெங்கும் கணினிகளில் ஏறியது. வாங்கியவர்கள் அதை ஆண்டுக்கணக்கில் உரிக்காமலே வைத்திருப்பார்கள். புதுச் சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மனம் வராத நாம் இதை மட்டும் உரித்துவிடுவோமா?

ஒட்டுகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. எந்தப் பக்கம் மேலாக ஒட்டுவது? மூடிய கணினியை மேசைமீது தன் முன்னே வைத்துக்கொண்டு நேராக ஒட்டினால், திறந்தபின் எதிரே இருப்பவருக்கு அது தலைகீழாகத் தெரியும். ஆப்பிள் நிறுவனத்தின் பழைய மடிக்கணினிகளில் அந்த ஆப்பிள் அப்படித்தான் தலைகீழாகத் தெரிந்தது. பின்னர் வந்த கணினிகளில் அதைத் திருப்பிவிட்டார்கள். சொந்தக்காரர் மூடியைத் திறக்குமுன் பார்க்கும் சில வினாடிகளைவிட, ஊரார் நாள் முழுவதும் பார்ப்பது பெரிது என்று முடிவாயிற்று. ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களும் அநேகமாக அப்படித்தான் முடிவு செய்கிறார்கள். வேலை செய்யும்போது ஒட்டியவர் கண்ணுக்கு அது படுவதேயில்லை. வாசற்கோலமும் வீட்டுக்குள் இருப்பவருக்கா போடப்படுகிறது?

ஊரார் பார்ப்பதில் ஆபத்தும் இல்லாமலில்லை. 2013இல் அமெரிக்க அரசின் இரகசியக் கண்காணிப்பை வெளிப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடனின் படம் செய்தித்தாள்களில் வந்தபோது, அவருடைய கணினியின் முதுகில் இருந்த வில்லைகளையும் உலகம் படித்தது. ஒன்று இணைய உரிமைகளை ஆதரிப்பதாகச் சொன்னது. மற்றொன்று இணையத்தில் அடையாளம் மறைத்து உலவ உதவும் டோர் அமைப்பினுடையது. மனிதர் வாய் திறக்குமுன் மூடி பேசிவிட்டது. விமான நிலையத்தில் தம் கம்பெனியின் பெயரையும் தாம் வேலை செய்யும் துறையையும் முதுகில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம். ஃபேஸ்புக் தலைவர் மார்க் ஸக்கர்பர்க்கின் மேசைமீதிருந்த கணினியில் காமிராவின் மீது ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்ததை 2016இல் வெளியான ஒரு படத்தில் எல்லாரும் கண்டார்கள். ஸ்டிக்கர்களிலே மிகவும் உபயோகமானது அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

என்னுடைய அலுவலகக் கணினியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன் நான். என் கணினியின் முதுகில் இருப்பது ஒரே ஒரு தாள்: சொத்துப் பதிவேட்டின் எண். அதன்மேல் வேறொன்றை ஒட்டினால் தணிக்கையில் விளக்கம் எழுதவேண்டி வரும். ஆனால் உட்புறம் வேறு கதை. இந்திய மொழிகளுக்கென்று வகுக்கப்பட்ட பொது விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளத் தொடங்கிய நாளில், தில்லி நேரு பிளேஸில் எழுத்து ஸ்டிக்கர்களை வாங்கிவந்து ஒவ்வொரு விசையிலும் ஒட்டினேன். ஆறு மாதத்தில் அவை தேயத் தொடங்கின. முதலில் காணாமற்போனது 'க'. பிறகு புள்ளி. அவை முற்றும் அழிந்தபோது எனக்கு அவை தேவைப்படவில்லை. வெளியே ஒட்டியது பிறருக்கு நம்மைச் சொல்ல. உள்ளே ஒட்டியது நமக்கு நம் எழுத்தைச் சொல்ல.

மறுபடி அந்த இளைஞரிடம் வருகிறேன். சம்பாஷணையின் நடுவே, அந்தக் கணினி அவருடையது அன்று என்று தெரிந்தது. கம்பெனியுடையது. அவர் வேலை செய்த பிரிவையே மூடிவிட்டார்கள். கடைசி வாரத்தை ஊரிலிருந்தே முடித்துக் கொடுக்க அனுமதி பெற்றிருந்தார். வாரக் கடைசியில் கூரியர் ஆள் வந்து கணினியை வாங்கிக்கொண்டு போவாராம். "நாலு வருஷம், சார். இந்த மாநாடு, அந்த மாநாடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தது" என்று மூடியைத் தடவிக் கொடுத்தார்.

விவரம் தெரிந்தவர்கள் முதலில் கணினிக்கு ஒரு பிளாஸ்டிக் மேலுறை மாட்டி, அதன்மேல் ஸ்டிக்கர்களை ஒட்டுவார்களாம். வேலை மாறினால் உறையைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம். இவர் அப்படிச் செய்யவில்லை. தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் பசை இளகும், ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்கலாம் என்று படித்திருந்தார். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஒட்டிய விலைத்தாளை என் தாயார் தேங்காயெண்ணெய் தடவி எடுப்பார், அதைச் சொன்னேன். எண்ணெய் பட்டால் ஸ்டிக்கர் பிறகு ஒட்டாதே என்றார். அதுவும் உண்மைதான்.

"மற்றவை போகட்டும், அந்த 'ழ'வையாவது எடுத்துக்கொள்ளுங்களேன்" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். இந்தக் கணினி தம் கைக்கு வந்தபோதே புதிது அன்று. அந்த இடத்தில் ஒரு வங்காள எழுத்து, பாதி சுரண்டியபடி, ஒட்டிக்கொண்டிருந்ததாம். நகத்தால் எவ்வளவோ முயன்றும் போகவில்லை. அதை மறைக்கத்தான் சரியான அளவில் ஓர் எழுத்துத் தேடி, 'ழ'வை அதன்மேல் ஒட்டினாராம்.

"இதை உரித்தால் அவர் வெளியே வந்துவிடுவார், சார். இருக்கட்டும்" என்றார். பல்லார்ஷா வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்காரர் கூவிக்கொண்டு வரவே, கணினியை மூடிப் பைக்குள் வைத்தார்.