பழைய வேனில் நமது ரப்பர்

1996-இல் வெளிவந்த பெரோடுவா ரூசா போன்ற பழைய வேனில் பாலிங் மேடுபள்ளங்களில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வோர் கவனிக்க வேண்டுகிறேன்.

முன்சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டில் ரப்பர் புஷ் உண்டு. பெரும்பாலும் அது நாம் வெட்டும் பாலில் பிறந்ததே! எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி இளகிவிடும். ஆகவே, சத்தத்தை அடக்க எண்ணெய் ஊற்றாதீர்கள். வெடித்த புஷ்ஷை மாற்றுங்கள்.

சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி அசையுங்கள். மேல்கீழ் ஆட்டமானால் பால் ஜாயின்டையோ பேரிங்கையோ பாருங்கள். இடவல ஆட்டமானால் டைராட் முனையையும் பாருங்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடியும். ஸ்டியரிங் கையிலிருந்தும் பயனில்லை.

நிர்வாகத்தின் வேனா? பழுதை எழுதிக் கொடுங்கள். கிராணிமாரே, நகல் வையுங்கள். உயிர் போனபின் கேட்கும் நியாயத்தை இன்றே கேட்போம்!