பிறந்த தேதியைப் பாருங்கள், பிறகு மனு எழுதுங்கள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், இலவச சட்ட உதவி வழக்குகளை நடத்தி வரும் பெண் வழக்கறிஞர் ஒருவர் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று பேசுகிற இடத்தில் இந்த வக்கீலம்மா குடியுரிமை பற்றிப் பேச வந்திருக்கிறாங்களே என்று சிலர் யோசிக்கலாம். பெரம்பலூர் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2021 வரை அதை அகதிகள் முகாம் என்று சொன்னோம், பிறகு அரசு பெயரை மாற்றியது. இப்படித் தமிழ்நாட்டில் நூறுக்கும் மேற்பட்ட முகாம்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். அங்கேயும் மகளிர் குழு இருக்கிறது, தீர்மானப் புத்தகம் இருக்கிறது. முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாடகை வீட்டில் இருப்பவர்களும் உண்டு. நம்ம ஊர்ப் பெண் முகாம் பையனைக் கட்டிக்கொள்வதும், முகாம் பெண் நம்ம வீட்டு மருமகளாக வருவதும் இன்றைக்கு அதிசயம் இல்லை. அந்த வீடுகளில் பிள்ளை பன்னிரண்டாவது முடித்து, அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பம் போடும்போதுதான் கேள்வி வருகிறது: நீ எந்த நாட்டுக்காரன்?

சிங்கப்பூரில் பி.ஆர். வாங்கினான், கனடாவில் பி.ஆர். வாங்கினான் என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம். அந்த மாதிரி ஒரு நடுப்படி நம் நாட்டுச் சட்டத்தில் சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது. ஒன்று இந்தியக் குடிமகன், இல்லையென்றால் வெளிநாட்டவர். நாற்பது வருஷம் இங்கே இருந்தாலும் அப்படித்தான். ஆதார் அட்டை குடியுரிமைக்கு ஆதாரம் ஆகாது. அது இங்கே வசிக்கிறவர் என்பதற்கு மட்டும்தான். ரேஷன் அட்டையும் அப்படியே.

சட்டத்தைப் பாடமாகச் சொன்னால் தூக்கம் வரும். ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம்.

அந்த வீட்டுப் பாட்டி பிறந்தது இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். பாட்டியின் அப்பா கங்காணியோடு கப்பலேறிப் போனவர், சொந்த ஊர் உடையார்பாளையம் பக்கம். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதாகப் பேச்சு. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூட்டை முடிச்சு மாதிரி மனுஷரைப் பிரித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பலில் வந்தவர்கள் தாயகம் திரும்பியவர்கள், இந்தியக் குடிமக்கள். அந்த மனுவெல்லாம் முடிவதற்குள் 1983 கலவரம் வந்து, உயிருக்குப் பயந்து தோணியில் வந்தவர்கள் அகதிகள் ஆனார்கள். நம்ம பாட்டி தோணியில் வந்தவர்.

பாட்டிக்கு ஒரு மகன், 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். ஒரு மகள், 1990இல் பெரம்பலூரில் பிறந்தவர். ஒரே வயிறு, ஒரே முகாம் அட்டை. ஆனால் சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒன்றல்ல.

1955ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு என்ன சொல்கிறது? 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அப்பா அம்மா எந்த நாடு என்று கேட்கவில்லை, தூதரகக் குடும்பம் மாதிரி சில விலக்கு மட்டும். 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவர் என்றால் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளை என்றால் இன்னும் இறுக்கிவிட்டார்கள்: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராக இருக்க வேண்டும்.

ஆக 1986இல் பிறந்த மகன் குடியுரிமை கேட்டு மனுவே போட வேண்டாம். அவர் ஏற்கெனவே இந்தியர்! பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் போதும். இது என் சொந்தக் கருத்து இல்லை. 1986 ஏப்ரலில் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வளர்ந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவர் பிறப்பால் இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். 2024 மக்களவைத் தேர்தலில் அந்தப் பெண் ஓட்டும் போட்டார். அவரைக் காப்பாற்றியது மண்டபத்தில் பதிவான பிறப்புச் சான்றிதழ்.

அதனால் 1987 ஜூலைக்கு முன்னால் இங்கே பிறந்தவர் யாராவது உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், முதல் வேலை அந்தச் சான்றிதழ். பிறப்பு பதிவே ஆகவில்லை என்றால், ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமான பதிவுக்குக் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் உத்தரவு வாங்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, முகாம் பதிவேட்டில் குழந்தை பெயர் சேர்த்த தேதி, எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று 9ஆவது பிரிவு இருக்கிறது. முகாமில் பிறந்த நிறையப் பிள்ளைகளுக்கு இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். திரும்பிப் போக நினைப்பவருக்கு அது அவசியம்தான். ஆனால் 1987க்கு முன்னால் பிறந்தவர், இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது பாட்டி. சட்டத்தின் 5ஆவது பிரிவில், இந்திய வம்சாவளியினர் இங்கே ஏழு வருஷம் வசித்திருந்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்று இருக்கிறது. பாட்டியோ, அவர் அப்பா அம்மாவில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். பாட்டியின் அப்பா நம்ம பக்கத்தில் பிறந்தவர்தானே, பிறகென்ன தடை? தடை ஒரே சொல்தான், "சட்டவிரோதக் குடியேறி". பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவர் என்று அதற்குச் சட்டம் பொருள் சொல்கிறது. தோணியில் வந்தவரிடம் பாஸ்போர்ட் ஏது? குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவரையும் திருட்டுத்தனமாக வந்தவரையும் அந்தச் சொல் பிரித்துப் பார்ப்பதில்லை. 2019இல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும்தான் உண்டு, இலங்கை இல்லை.

ஆனாலும் கதவு முழுசாக மூடவில்லை. 2019 ஜூனில் திருச்சி முகாம்களில் இருந்த மலையக வம்சாவளிக் குடும்பத்தினர் 65 பேர் போட்ட வழக்கில், அவர்கள் மனுக்களை மாவட்ட ஆட்சியர் மூலம் மத்திய அரசுக்கு அனுப்பிப் பரிசீலிக்க வேண்டும் என்று மதுரைக் கிளை உத்தரவிட்டது. பரிசீலிக்கச் சொன்னதுதான், குடியுரிமையே கொடுத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பரில் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை இங்கே அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான நடவடிக்கையிலிருந்து விலக்கு கொடுத்து ஆணை வந்திருக்கிறது. இதுவும் குடியுரிமை இல்லை. ஆனால் மனுவில் இதைக் குறிப்பிடும்படி வக்கீலிடம் கேளுங்கள். அதற்கு முகாமில் முதன்முதலாகப் பதிவான தேதிக்கு ஆதாரம் வேண்டும்.

பாட்டி வீட்டில் தேட வேண்டிய காகிதங்கள் இன்னும் உண்டு. ஒப்பந்தக் காலத்தில் இந்தியத் தூதரகத்துக்கு மனு போட்ட ரசீது, தோட்டத்துப் பதிவு, பழைய பாஸ்போர்ட், இங்கே இருந்த பங்காளிகள் எழுதிய கடிதம். ஊரில் பூர்வீக நிலம் இருந்தால் பட்டா. இதில் நம்ம மாவட்டத்துக்காரர்கள் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995இல். அரியலூர் 2001இல் பிரிந்து, மறுவருஷமே மறுபடி சேர்ந்து, 2007 நவம்பரில் மீண்டும் தனியானது. அதற்கு முன்னால் எல்லாமே திருச்சி மாவட்டம். கொள்ளுத் தாத்தா காகிதத்தில் திருச்சிராப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா என்றுதான் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர் இல்லையே" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்து மகள், 1990இல் பிறந்தவர். பெற்றோர் இருவரும் இந்தியர் என்று ஏற்கப்படாததால் இவர் பிறப்பால் குடிமகள் ஆகவில்லை. ஆனால் சட்டவிரோதக் குடியேறி என்றால் "நுழைந்தவர்" என்றல்லவா சட்டம் சொல்கிறது? பெரம்பலூரில் பிறந்த குழந்தை எந்த எல்லையைத் தாண்டி நுழைந்தது? இந்த வாதத்தை எழுத்தில் வைக்க வேண்டும். அதற்குத்தான் வக்கீல் வேண்டும்.

நம்ம குழுப் பெண்கள் அதிகம் கேட்பது கல்யாணத்தைப் பற்றி. முகாம் பையனைக் கட்டியதால் உங்கள் குடியுரிமை போகாது, நிம்மதியாக இருங்கள். பிள்ளைகள் விஷயம்தான் கணவர் எப்போது, எங்கே பிறந்தார் என்பதைப் பொறுத்தது. கணவர் 1987 ஜூலைக்கு முன்னால் இங்கே பிறந்தவர் என்றால் அவரும் இந்தியர், பிள்ளையும் இந்தியர். 1987 ஜூலைக்கும் 2004 டிசம்பருக்கும் நடுவில் இங்கே பிறந்த பிள்ளை என்றால் நீங்கள் இந்தியராக இருப்பதே போதும். கணவர் கைக்குழந்தையாகத் தோணியில் வந்தவர், பிள்ளை 2010இல் பிறந்தது என்றால் அங்கேதான் சிக்கல். தாய் இந்தியர், பிறந்த மண் இந்தியா, இருந்தும் பிறப்பால் குடியுரிமை இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும் முன்னால் வக்கீலைப் பார்த்துவிடுங்கள். இந்தியக் குடிமக்களின் மைனர் பிள்ளைகளைப் பதிவு செய்யவும், விசேஷ சூழ்நிலையில் எந்த மைனரையும் மத்திய அரசு பதிவு செய்யவும் 5ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. பதினெட்டு தாண்டினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

சரி, வக்கீலுக்குப் பணம்? 1987ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அந்தப் பிரிவு "குடிமகள்" என்று சொல்லவில்லை, "நபர்" என்றுதான் சொல்கிறது. முகாம் பெண்ணுக்கும் அது உரிமை. பெரம்பலூர் கோர்ட்டிலும் அரியலூர் கோர்ட்டிலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போக முடியாதவர்கள் 15100க்குப் போன் பண்ணலாம், கட்டணம் இல்லை. வழக்கு நடத்துவது மட்டும் அவர்கள் வேலை இல்லை. அதிகாரிகள் முன்னால் மனு போட உதவுவதும், ஆலோசனை சொல்வதும் சட்ட உதவிதான்.

கேட்காமலே வீடு தேடி வருபவர் புரோக்கர். ஓட்டர் ஐடி வாங்கித் தர்றேன், பாஸ்போர்ட் எடுத்துத் தர்றேன் என்பார். இந்தியக் குடிமகன் என்று பொய்யாக எழுதி வாக்காளர் பட்டியலில் சேர்ந்தால் ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. பின்னால் நியாயமாக மனு போடும்போதும் அந்தப் பொய்யே குறுக்கே நிற்கும். படகு ஏற்றி ஆஸ்திரேலியா அனுப்புகிறேன் என்பவரும் வந்தார்கள். 2014இல் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய 157 தமிழர்களை அந்த நாட்டு அதிகாரிகள் கடலில் மறித்து, ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள்.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து விசாவில் முறையாக வந்து மருமகளாக இருப்பவர்கள் பற்றி ஒரு சகோதரி சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர்கள் வழி சுலபம். இந்தியரை மணந்து ஏழு வருஷம் வசித்திருக்க வேண்டும், அதில் மனு போடும் முன் கடைசி பன்னிரண்டு மாதம் நாட்டை விட்டு வெளியே போகாமல் இருந்திருக்க வேண்டும். விசா மட்டும் ஒரு நாள்கூடக் காலாவதி ஆக விடாதீர்கள். ஆனால் அவர்களும் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவார்கள்.

மனுவை இணையத்தில் பதிந்து, அச்செடுத்து, ஆவணங்களோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து மாநில அரசு, பிறகு டெல்லி. சரிபார்க்கும்போது காட்ட அசல்களைக் கொண்டு போங்கள், யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பாஸ்போர்ட் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு கோர்ட்டில் நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆணைக்குழு அமர்த்திய வக்கீல் உங்களிடம் பீஸ் கேட்டாலோ, ஆறு மாதமாகக் காகிதத்தைத் தொடவே இல்லை என்றாலோ, ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் ஒரு நீதிபதி. வேறு வக்கீலை அமர்த்துவார்.