எழுத்துரு மாற்றியைப் பொதுவில் வைத்தல்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

இவ்விழாவுக்காகப் பழைய ஆண்டறிக்கைகளைத் தேடியபோது நேர்ந்த இடர்ப்பாட்டை உங்களுட் பலர் அறிவீர்கள். கணினியில் கோப்புகள் இருந்தன, படிக்கத்தான் இயலவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ ஏட்டின் எஞ்சிய தாள்களை இன்றும் கண்கொண்டு படிக்கலாம். நாம் 2001-இல் தட்டச்சிட்ட அறிக்கையோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சி தருகிறது.

யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் தந்திருந்தும், அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் நெடுங்காலம் தத்தம் எழுத்துருக்களையே கையாண்டன. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல்தான். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தெரியும் சொல்லினுள் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளே. எழுத்துரு போனால் அம்மாவும் போய்விடுவாள்!

நம் இளைஞர் ஒருவர் இக்கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவியொன்றை எழுதியுள்ளார். வேலை எளிதன்று. பழைய முறையில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாக நிற்கும். முதல் இரண்டை மட்டும் பார்த்துக் ‘கெ’ என மாற்றிவிட்டால், கால் தனியே தொங்கும். ஆகவே நீண்ட தொடரை முதலில் மாற்ற வேண்டும். அவ்விதி மட்டும் போதுமா? ஔகாரக் குறியும் ளகரமும் பழைய எழுத்துருவில் ஒன்றே. ஆதலால் ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ ஆகிவிடும். இணையத்தில் இப்பிழையை இன்றும் காணலாம். நம் இளைஞர் பல இரவுகள் விழித்து இதனைத் தீர்த்திருக்கிறார்.

இக்கருவியைத் திறமூலத் திட்டத்துக்கு அளிக்கலாம் என்றபோது பெரியவர் ஒருவர், “நம் உழைப்பை ஊர் கூலியின்றிக் கொண்டது போதாதா? இதையும் இனாமாகத் தருவதா?” என்று வினவினார். அவ்வினாவைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஆனால் வெட்டி வேலையில் மறுக்கும் உரிமையும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. இங்கே எழுதியவரே உரிமையாளர். எம்.ஐ.டி. உரிமத்தின்படி எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் மட்டும் நீக்கலாகாது. விற்கலாம் என்பதை மறைத்துப் பேசுவது முறையன்று. ஜி.பி.எல். உரிமமாயின், திருத்தி வெளியிடுவோரும் மூலநிரலைத் தந்தாக வேண்டும். எதைத் தேர்வது, கொடுப்பதா வேண்டாவா என்னும் முடிவு அவ்விளைஞருடையது, சங்கம் வற்புறுத்தலாகாது.

கேட்டால் நான் கொடுக்கவே சொல்வேன். அவர் வேலை தேடி வெளியூர் சென்றபின் கருவியைப் பேணுவார் யார்? பைத்தான் மொழியில் அமைந்த ‘ஓப்பன் தமிழ்’ என்னும் திறமூல நிரல் நூலகத்தில், பழைய குறியேற்றங்களை யூனிகோடாக்கும் பகுதி முன்னரே உண்டு. நம் கருவி தனியே கிடப்பதினும், நாம் கண்ட திருத்தங்கள் அங்குச் சேர்வது நன்று. முதலில் அதனைப் பேணுவோரிடம் கேட்க வேண்டும். அவர்தம் உரிமத்தோடு நம் உரிமம் பொருந்த வேண்டும். மொத்தமாகக் கொட்டாமல் சிறு சிறு பகுதியாக அனுப்ப வேண்டும். எழுத்துருக் கோப்புகள் பிறர் உடைமை. அவற்றை உடன் வைக்கலாகாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். சோதனைக்கென நம் கோப்புகளை அனுப்பிவிடாதீர்கள். உதவித்தொகை விண்ணப்பங்களில் பிள்ளைகளின் பெயரும் சாதிச் சான்றிதழ் எண்ணும் உள்ளன. அவை சங்கத்தை நம்பித் தரப்பட்டவை. ‘வெளியீடு’, ‘கௌரவம்’ முதலிய சொற்களை நாமே தட்டச்சிட்டுச் சோதனையாக அமைத்தால் போதும்.

வீடுகளில் பழைய வட்டுகளோ குறுந்தகடுகளோ வைத்திருப்போர், எந்த எழுத்துருவில் தட்டச்சிட்டது என்பது நினைவிருந்தால் அதனையும் தாளில் குறித்து, செயலாளரிடம் சேர்க்க வேண்டுகிறேன்.