மைக் பிடிக்க ஆசைப்படும் தம்பிக்கு



காலையில் மூன்றாம் ஆண்டு தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, நான் கிரிக்கெட் வர்ணனையாளர் ஆகணும். படிப்பை விட்டுடலாமா? வீட்ல அப்பா என்கிட்ட பேசறதே இல்ல."

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

ஹர்ஷா போக்ளே ஐதராபாத் வானொலியில் வர்ணனை தொடங்கியபோது வயது 19. ஆனாலும் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் எஞ்சினியரிங் முடித்தார். பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்தார். இந்திய அணிக்கு ஆடாதவர். 1991-92இல் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றபோது அந்நாட்டு ஏ.பி.சி. வானொலி அவரை அழைத்தது.

இன்று டி.வி.யில் மைக் பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர்கள் கையில்தான். இடம் கிடைக்கும்வரை சோறு போட டிகிரி வேணும் தம்பி, முடிச்சிடுங்க.

பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டாம். நம்ம மைதானத்தில் மேட்ச் நடக்கும்போது ஒரு நண்பனை முதுகைத் திருப்பி உட்கார வையுங்கள். பந்து எங்கே போச்சு, ஸ்கோர் என்ன என்று உங்கள் பேச்சை மட்டும் கேட்டு அவன் சொல்லணும். அப்துல் ஜப்பார் அவர்களின் தமிழ் வர்ணனையை வானொலியில் கேட்டவர்களுக்கு இது புரியும்.

அவன் சரியாகச் சொல்லும் நாளில், பதிவு செய்ததை அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். பேச்சு தானாக வரும்.